கடிகார முள்ளைத் திருப்பியவர்கள்

கிராம்ஷி என்றவுடன் எல்லோருக்கும் சிறைக் குறிப்பேடுகள்தான் ஞாபகம் வரும். மேலாதிக்கம், அறிவுஜீவிகள் என்று நாலு வார்த்தையைத் தூக்கிப் போட்டால் போதும், கருத்தரங்கில் கைதட்டல் நிச்சயம். (நானும் போட்டிருக்கிறேன்.) எனக்கென்னவோ அவர் சிறைக்குப் போவதற்கு ஏழு வருடம் முன்னால், இத்தாலியின் டூரின் நகரத்தில் ஒரு வாரப்பத்திரிகை நடத்திய கதைதான் அதிகம் பிடிக்கிறது. "எழுதி என்னய்யா ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் சங்கடமான பதில்.

1919 மே 1 அன்று முதல் இதழ் வந்தது. பெயர் 'லோர்தினே நுவோவோ'. புதிய ஒழுங்கு என்று அர்த்தம். ஆரம்பித்தவர்கள் நான்கு பேர்: கிராம்ஷி, தோலியாத்தி, தாஸ்கா, தெர்ராச்சினி. நால்வரும் டூரின் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், சோஷலிஸ்ட் கட்சிக்காரர்கள், ஒருவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. கிராம்ஷி 1911ல் ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகைப் பரீட்சை எழுதி சார்டீனியா தீவிலிருந்து வந்தவர். அதே பரீட்சையில் தோலியாத்தி இரண்டாவது, இவர் ஒன்பதாவது!

முதல் சில இதழ்கள் சுமார் ரகம்தான். கலாச்சாரம், இலக்கியம், அங்கங்கே கொஞ்சம் புரட்சி. நன்றாகப் படித்த பையன்கள் பத்திரிகை ஆரம்பித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. இதை நான் சொல்லவில்லை, மறுவருடம் கிராம்ஷியே தன் பத்திரிகையின் ஆரம்ப நாட்களைத் திரும்பிப் பார்த்து இதைவிடக் கடுமையாகத் திட்டி எழுதினார்.

திருப்பம் ஜூன் 21 இதழில் வந்தது. பணம் திரட்டிக் கொடுத்த தாஸ்காவைக் கேட்காமலேயே கிராம்ஷியும் தோலியாத்தியும் 'தொழிலாளர் ஜனநாயகம்' என்று ஒரு கட்டுரை போட்டார்கள். (ஆசிரியர் குழுவுக்குள் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு என்று பிற்பாடு கிராம்ஷியே இதைக் கிண்டலடித்தார்.) கட்டுரையின் கேள்வி ரொம்ப எளிமையானது. ரஷ்யாவில் சோவியத் வந்தது, சரி. நம் ஊரில் அதற்கு விதையாக ஏதாவது ஏற்கனவே இருக்கிறதா?

இருந்தது. ஆலைகளில் 'உள்கமிட்டி' என்று ஒன்று உண்டு. கூலி, தண்டனை மாதிரி தகராறுகளை நிர்வாகத்தோடு பேசித் தீர்ப்பது அதன் வேலை. யூனியன் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் அதில் இடம். கிராம்ஷி கேட்டது இதுதான்: ஒவ்வொரு பிரிவிலும் வேலை செய்கிற எல்லோரும், யூனியனில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தங்களில் ஒருவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன? அந்தப் பிரதிநிதிகள் சேர்ந்தால் ஆலைக் கவுன்சில். உற்பத்தியை நடத்தவே அது கற்றுக்கொள்ளட்டும்.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். தொழிலாளர்கள் இவர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். படிப்பு வட்டங்களுக்கும் ஆலைக் கூட்டங்களுக்கும் போய்ப் பேசினார்கள், அங்கே கேட்டது அடுத்த இதழில் கட்டுரையானது. செப்டம்பரில் ஃபியட்டின் பிரெவெத்தி ஆலையில் முதல் கவுன்சில். வருடக் கடைசிக்குள் டூரினில் சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் கவுன்சில்களுக்குள் வந்துவிட்டதாகச் சொல்வார்கள். பத்திரிகையோ ஐயாயிரம் பிரதி விற்ற பத்திரிகை. கையிலிருந்து கைக்குப் போயிருக்க வேண்டும், வேறெப்படி?

யூனியன் தலைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. சந்தா கட்டாதவனுக்கும் ஓட்டா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை சும்மா தள்ளிவிட முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தொழிலாளர்களில் பாதிப்பேரை வெளியே நிறுத்திவிட்டு ஆலையை யார் நடத்துவது?

1920 மார்ச்சில் வந்தது கடிகாரச் சண்டை. போர்க்காலத்தில் கொண்டுவந்த கோடைகால நேரத்தை மறுபடி அமல்படுத்தினார்கள். கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், தொழிலாளி இருட்டிலேயே எழுந்து ஓட வேண்டும். ஃபியட்டின் ஓர் ஆலையில் உள்கமிட்டிக்காரர்கள் முள்ளைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டார்கள். நிர்வாகம் அவர்களை வேலையை விட்டு நீக்கியது. உள்ளிருப்புப் போராட்டம், கதவடைப்பு, ஏப்ரல் நடுவில் பொது வேலைநிறுத்தம். அதற்குள் விஷயம் கடிகாரத்தைத் தாண்டிவிட்டது. கவுன்சில்களை ஒழித்துக்கட்ட முதலாளிகள் முடிவு செய்திருந்தார்கள்.

டூரின் சுற்றுவட்டாரம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். இத்தாலியின் மற்ற பகுதிகள்? அசையவில்லை. சோஷலிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சில் டூரினில் கூடுவதாக இருந்தது, அதை மிலானுக்கு மாற்றிக்கொண்டார்கள். டூரின் கிளையின் அறிக்கையைக் கட்சிப் பத்திரிகையின் மிலான், ரோம் பதிப்புகள் போட மறுத்தன. ஏப்ரல் 24ல் போராட்டம் தோல்வியில் முடிந்தது. ஆலைக்குள் ஒழுங்கு நடவடிக்கை பழையபடி நிர்வாகத்தின் கைக்குப் போனது.

மே 8 இதழில் கிராம்ஷி கட்சியைக் கிழித்து எழுதியதை லெனின் பிற்பாடு ஆதரித்தார் என்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு வருடம் முழுக்க டூரினுக்காக, டூரின் ஆலைகளைப் பற்றி எழுதிய பத்திரிகை அது. அதனால்தான் அது ஆலைக்குள் நுழைந்தது. அதனாலேயே டூரினுக்கு வெளியே அதற்கு ஆள் இல்லை. செப்டம்பரில் நாடு முழுக்க ஆலைகளைத் தொழிலாளர்கள் கைப்பற்றியபோதும் அந்தப் போராட்டம் எங்கே போய் முடிய வேண்டும் என்று தீர்மானித்தது இவர்கள் இல்லை, பழைய தலைவர்கள்தான்.

1924 ஜனவரியில் கிராம்ஷி வியன்னாவில் இருந்தார். முசோலினி ஆட்சிக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அங்கிருந்து பழைய தோழர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அந்த நாட்களைப் பற்றிச் சொல்கிறார்: பதவி ஆசை பிடித்தவர்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, டூரினுக்கு வெளியே தங்களுக்கென்று ஒரு அணியைக் கட்டாமல் விட்டுவிட்டோம், அது பெரிய தவறு என்று.