பட்டை உரித்த கைகள்

நாட்டு மரங்களைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். தலமரம், மூலிகை மரம், சங்கப் பாட்டில் வரும் மரம் என்று பட்டியல்கள் வருகின்றன. தோல் பதனிட உதவிய மரங்கள் என்றொரு தலைப்பை அவற்றில் நாங்கள் பார்த்ததில்லை.

கொன்றை சிவன் சூடும் பூ என்பது எல்லோருக்கும் தெரியும். அதே மரத்தின் பட்டை தோல் ஊறும் குழிக்குப் போனது. கடுக்காய் வைத்தியர் கையில் திரிபலா மருந்து. தோல் தொழிலாளியின் விரல்களில் அதே கடுக்காய்க் கறை படிந்தால் அது தீட்டு. ஆவாரை மரமல்ல, செடிதான். ஆனாலும் இந்த வரலாற்றில் முதலிடம் அதற்கே. குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் கொன்றையும் ஆவிரையும் உண்டு. இலக்கியம் பூவோடு நின்றுகொண்டது. பட்டை சேரிக்கு வந்தது. புறநானூற்றின் 82ஆம் பாட்டு, வாரால் கட்டில் பின்னும் கையின் வேகத்தை வியக்கிறது. அந்தக் கைக்கு உரியவரை அது அழைக்கும் பெயர் ‘இழிசினன்’.

பட்டையில் இருப்பது துவர்ப்பு. பூச்சியும் விலங்கும் தின்றுவிடாதபடி செடி தனக்காகச் சேர்த்து வைப்பது. ஆவாரையை ஆடுமாடு அவ்வளவாகச் சீண்டாது. அதனால்தான் புறம்போக்கிலும் சாலையோரத்திலும் அது தழைக்கிறது. வெட்டினால் மறுபடி துளிர்க்கிறது. நிலமற்றவர்களுக்குக் கையெட்டிய செடி. அந்தத் துவர்ப்பு தோலின் புரதத்தோடு பிணைந்துவிட்டால் தோல் அழுகாது. டானின் என்று வேதியியல் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் முன்னோர் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலைப் பைபோலத் தைப்பார்கள். இடித்த பட்டையையும் பட்டைத் தண்ணீரையும் உள்ளே நிரப்பித் தொங்கவிடுவார்கள். கசிவதைக் கீழே பிடித்து மறுபடி மேலே ஊற்றுவார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவக்கும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். இது கைப்பழக்கம் மட்டுமா? சோதித்து, திருத்தி, தலைமுறைக்குக் கடத்திய அறிவு என்றே நாங்கள் சொல்வோம். அந்தத் தோல்தான் கமலைச் சாலின் வாலானது. மோட்டார் வரும்வரை கிணற்றுப் பாசனம் அதை நம்பியே நடந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் தைத்தவருக்குப் பங்கில்லை. அந்தக் கிணற்றில் நீர் மொள்ளும் உரிமையும் இல்லை.

பிறகு சந்தை வந்தது. ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் சென்னை மாகாணத்துத் தோல் கப்பலேறியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸுக்கு அது போனது. பட்டைக்குக் கிராக்கி கூடியது. 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்துக்குப் பின் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் பட்டை உரிப்பது குற்றம். தென்னாப்பிரிக்கத் தோட்டங்களிலிருந்து வாட்டில் பட்டையும், குரோம் உப்பும் வந்து ஆவாரையை ஓரங்கட்டின. வாட்டிலின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளின்மேல் அதை நட்டதற்குத் தோல் தொழிலின் தேவையும் ஒரு காரணம். இன்று அந்நிய மரம் என்று அதை அகற்றுகிறார்கள். அகற்றட்டும். அது வந்ததற்கு முன் இருந்த பட்டையையும், அதை உரித்தவர்களையும் யாரும் கேட்கக் காணோம்.

யாரும் அந்தக் குழிக்குத் திரும்ப வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. 1927இல் மகாடில் செத்த மாட்டிறைச்சியை விடச் சொன்னார் பாபாசாகேப். சுமத்தப்பட்ட தொழிலை எங்கள் மக்கள் உதறியது விடுதலைக்கான அடி. தொழிலை விடுவது வேறு, அதிலிருந்த அறிவை ஊர் தன் பெயரில் எழுதிக்கொள்ள விடுவது வேறு.

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் உட்காருங்கள். எந்த மாதத்தில் பட்டை உரித்தார்கள், இளங்கிளையா முற்றியதா, எத்தனை நாள் ஊறியது, பெண்கள் எந்த வேலையைச் செய்தார்கள், எந்தப் புறம்போக்கு இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். சொன்னவரின் சம்மதத்தோடு, அவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.