திரையில் நகரும் விமானத்தை எவ்வளவு நம்பலாம்?



போன வாரம் நள்ளிரவு தாண்டி என் தங்கையிடமிருந்து போன். "அண்ணா, பையன் வர்ற பிளேன் கடலுக்கு மேல அப்படியே நிக்குது. பத்து நிமிஷமா அசையவே இல்ல." சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் விமானம். செல்போனில் விமானங்களைக் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு அழாக்குறையாகப் பேசினாள். கொஞ்ச நேரத்தில் படம் மறுபடி நகர்ந்தது. பையனும் சரியான நேரத்துக்கு வந்து இறங்கினான். ஆனாலும் அவள் பட்ட பாட்டைப் பார்த்தபின் இதை எழுதத் தோன்றியது. நம் வீடுகளில் பாதிப் பேர் இன்று வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக இந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கல்வெட்டுப் பாடம் நடத்தும்போது நான் கேட்கும் கேள்வி பலருக்கு ஞாபகம் இருக்கும். "இதைச் சொன்னவர் யார்? கண்டு சொன்னாரா, ஊகித்துச் சொன்னாரா?" அதே கேள்வியை இந்தத் திரையிடமும் கேட்க வேண்டும்.

கதை 1983-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று, நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாகச் சியோல் சென்ற கொரியப் பயணிகள் விமானம் ஒன்று பாதை விலகிச் சோவியத் வான்வெளிக்குள் போய்விட்டது. சகலின் தீவருகே சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேரும் இறந்தார்கள். அமெரிக்க ராணுவத்துக்காக உருவாகிவந்த ஜிபிஎஸ் முறை, தயாரானதும் பயணிகள் விமானங்களுக்கும் கிடைக்கும் என்று ரீகன் அரசு அந்த மாதமே அறிவித்தது.

அதுவரை விமானம் எங்கே இருக்கிறது என்று தரையிலிருந்து ரேடார்தான் தேடிப் பார்த்துச் சொல்லும். ஜிபிஎஸ் வந்தபின் விமானமே தன் இடத்தை அறிந்து, "நான் இன்னார், இந்த இடத்தில், இந்த உயரத்தில் இருக்கிறேன்" என்று வானொலி அலையில் நொடிக்கு ஒன்றிரண்டு முறை சொல்லும் ஏற்பாடு வந்தது. இதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். இதில் ரகசியக் குறியீடு எதுவும் கிடையாது. மொட்டைமாடியில் சின்ன ஆண்டெனா வைத்திருப்பவர் யாரும் கேட்கலாம்.

ஸ்வீடனில் விமான ஆர்வலர்கள் இருவர் 2006-இல் அப்படிக் கேட்டு வரைபடத்தில் போடத் தொடங்கியதுதான் ஃப்ளைட்ரேடார்24. பிறகு உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் ஆண்டெனாக்களை இணைத்தார்கள். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது, விமானமே இல்லாத வானத்தை மக்கள் இந்த வரைபடத்தில்தான் பார்த்தார்கள்.

ஆக, திரையில் தெரிவது யாரும் கண்ணால் கண்டதல்ல. விமானம் சொன்னது, ஒரு மொட்டைமாடி கேட்டது. நிலப்பகுதியில் பெரும்பாலும் இதை நம்பலாம். ஆனால் பூமி உருண்டை. உயரே பறக்கும் விமானத்தின் குரலும் சுமார் 400 கிலோமீட்டர் தாண்டினால் தரைக்கு எட்டாது. நடுக்கடலில் மொட்டைமாடி ஏது? அங்கே செயலி கடைசியாகக் கேட்ட வேகத்தையும் திசையையும் வைத்து, "இந்நேரம் இங்கே இருக்கும்" என்று கணக்குப் போட்டுப் படத்தை நகர்த்தும், அல்லது நிறுத்திவிடும். ஊகத்தில் நகரும் விமானமும் நிஜமாகக் கேட்ட விமானமும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இந்தக் குழப்பத்தின் விலையை உலகம் 2014 மார்ச் 8 அன்று கண்டது. கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்ட எம்எச்370-இல் 239 பேர் இருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் இந்தியர்கள். அதிகாலை 1.21-க்கு அது ரேடார் திரையிலிருந்து மறைந்தது. 1.39-க்கு வியட்நாம் கட்டுப்பாட்டு மையம், "விமானம் எங்கே?" என்று கேட்டது. விமான நிறுவனத்தின் செயல்பாட்டு மையம் தன்னுடைய கண்காணிப்புத் திரையைப் பார்த்து, கம்போடிய வான்வெளியில் இருப்பதாகச் சொன்னது. திட்டமிட்ட பாதை கம்போடியா வழியாகப் போகவே போகாது என்று வியட்நாம் தரப்பு சுட்டிக்காட்டியது. ஆனாலும் திரையில்தான் தெரிகிறதே!

3.30-க்குத்தான் அந்த மையம் உண்மையைச் சொன்னது: திரையில் இருப்பது பயணத் திட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு, விமானத்தின் இடத்தை அறிய நம்பத்தக்கதல்ல. மலேசிய அரசு வெளியிட்ட முதற்கட்ட அறிக்கையிலேயே இது பதிவாகியிருக்கிறது. நிஜத்தில் விமானம் மேற்கே திரும்பியிருந்தது. 2.22-க்கு ராணுவ ரேடார் அதைக் கடைசியாகக் கண்டது மலாக்கா நீரிணையின் வடக்கே. மீட்பு மையம் முடுக்கிவிடப்பட்டபோது மணி 5.30. அந்தப் படம் இல்லாவிட்டால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காணாமல் போன விமானத்தை, பத்திரமாகப் பறக்கிறது என்று அந்தத் திரை காட்டிக்கொண்டிருந்தது.

குரல் நன்றாகக் கேட்கும்போதும் தவறு வரலாம். 2023 இறுதியிலிருந்து மேற்காசியாவில் போலி ஜிபிஎஸ் அலைகளைப் பரப்புகிறார்கள். எங்கோ பறக்கும் விமானங்கள் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகத் திரை காட்டியது. விமானம் பொய் சொல்லவில்லை. அதையே ஏமாற்றிவிட்டார்கள்.

மூன்றாவது தவறு நம்முடையது. 2025 ஜூன் 12, அகமதாபாத். ஏர் இந்தியா 171 விழுந்த அன்றே, "ஓடுபாதையின் நடுவிலிருந்து கிளம்பியிருக்கிறார்கள், பாருங்கள்" என்று திரைப்படிவங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. எனக்கும் வந்தது. தரையில் இருக்கும் விமானத்தின் சமிக்ஞை அங்கே சரியாக எட்டவில்லை. கிடைத்த தரவுகளை மேலும் ஆராய்ந்த பிறகு, விமானம் முழு ஓடுபாதையையும் பயன்படுத்தியது என்று ஃப்ளைட்ரேடார்24 நிறுவனமே தெளிவுபடுத்தியது. கடைசியாகப் பதிவான 625 அடி என்பதையும் தரையிலிருந்து அளந்த உயரமாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். அது காற்றழுத்தத்தை வைத்துக் கணித்த உயரம். அந்த விமான நிலையமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 அடி உயரத்தில் இருக்கிறது. 260 பேர் இறந்த துக்கத்தின் நடுவே, இறந்துபோன விமானிகள்மீது பழி போட அரைகுறைப் படம் ஒன்று போதுமானதாக இருந்தது.

அதனால் என் தங்கையிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கடல்மேல் படம் நின்றால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். படம் நகர்கிறது என்பதற்காக எல்லாம் சரி என்றும் முடிவு கட்டாதீர்கள். விமானத்தைத் தொட்டால் வரும் விவரங்களில், தரவு எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். சந்தேகம் வந்தால் விமான நிறுவனத்தையும் விமான நிலையத்தையும் கேளுங்கள். விபத்து நாளில் திரைப்படிவம் வந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பழைய கேள்விதான், பிள்ளைகளே. கண்டு சொன்னதா, ஊகித்துச் சொன்னதா?

அன்புடன்,
உங்கள் சார்