தலையெழுத்தா? கணக்கெழுத்தா?

ஆதம்பாக்கத்தில் நாம் குடியிருக்கும் தெருவில் ஒரு மூதாட்டி. சர்க்கரை நோயாளி. மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்காகச் சென்றவர் வெறுங்கையோடு திரும்பினார். "மருந்து இல்லையாம், அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க" என்றார். நாம் சினந்தோம், அவர் சினக்கவில்லை. விரலால் நெற்றியில் ஒரு கோடு இழுத்துக் காட்டி, "எல்லாம் என் தலையெழுத்து தம்பி" என்றார்.

தலையெழுத்தா? அன்று! அது கணக்கெழுத்து. கிடங்கில் எத்தனை மாத்திரை இருக்கிறது, எந்த நாளில் தீரும், எப்போது கேட்டெழுத வேண்டும் என்று ஏட்டில் குறிக்க வேண்டிய ஒருவர் குறிக்கவில்லை. அல்லது, குறித்ததை மேலே இருந்த ஒருவர் படிக்கவில்லை. பிரமன் எழுதியதாகச் சொல்லப்படும் எழுத்தைக் கண்டவர் யாருமில்லை. அதைத் திருத்தியவரும் இல்லை. கணக்கெழுத்தையோ காணலாம், கேள்வி கேட்கலாம், திருத்தலாம். இந்த வேறுபாட்டை உணர்ந்த நாளில்தான் தமிழகத்தின் மருத்துவ வரலாறு தொடங்கியது என்போம்.

மருத்துவமனை என்றதும் நம் கண்முன் நிற்பவர் மருத்துவர், அடுத்து, செவிலியர். ஆனால் மருந்தை வாங்கி வைப்பவர், மருத்துவரைச் சிற்றூருக்கு அனுப்புபவர், வரிசையில் நிற்கும் ஏழைக்கு வழி சொல்ல ஆளை அமர்த்துபவர் என்று திரைக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறாரே, அந்த நிர்வாகி நம் நினைவுக்கு வருவதில்லை. அவர் முன்னே நின்ற அறைகூவல்கள் எவை? இன்று நிற்பவை எவை? வரலாற்றைப் புரட்டுவோம்.

தொலைவு செல்ல வேண்டியதில்லை. பரங்கிமலை நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் அடுத்த நிலையம் கிண்டி. அங்கே 1899ஆம் ஆண்டில் எழுந்தது கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த வால்டர் கிங் என்பாரின் பெயர் தாங்கியது. அம்மைப்பால் ஆக்குவது அதன் தலையாய பணி.

பெரியம்மைக்கு நாட்டார் இட்ட பெயர் என்ன? 'ஆத்தா வந்திருக்கிறாள்!' வாசலில் வேப்பிலை, வாயில் வேண்டுதல், கோயிலில் கூழ். முகமெல்லாம் தழும்பு பெற்றவர் உண்டு, கண்ணிழந்தவர் உண்டு, மண்ணுக்குள் போனவர் கணக்கிலடங்கார். அம்மை குத்துபவர் தெருவுக்குள் வந்தால், பிள்ளைகளைப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்த தாய்மார் இருந்தனர். அன்புதான் அவர்களை அப்படிச் செய்ய வைத்தது. ஆனால் அறியாமை கலந்த அன்பு!

அன்றைய நிர்வாகியின் முன் இரண்டு எதிரிகள் நின்றனர். ஒன்று, அச்சம். மற்றொன்று, வெயில். அம்மைப்பால் வெப்பத்தில் வீரியம் இழக்கும். கிண்டியில் ஆக்கியது கடைக்கோடிச் சிற்றூரை அடையுமுன் கெட்டுப் போனால், குத்தியும் பயனில்லை. குத்திய பிள்ளைக்கே அம்மை கண்டால், பூசாரியின் வாக்குப் பலித்துவிட்டதாக ஊர் பேசும்! வெயிலை வென்றால்தான் அச்சத்தை வெல்ல முடியும் என்ற நிலை. உறைய வைத்து உலர்த்திய அம்மைப்பால் பின்னாளில் வந்தது, வெப்பத்தைத் தாங்கியது. அதை ஆக்கிய இந்திய நிலையங்கள் ஒருசிலவே. அவற்றுள் கிண்டியும் ஒன்று. 1962இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1975ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980இல் உலகெங்கும் ஒழிந்தது என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆத்தா எங்கே போனாள்? கோபம் தணிந்தா போனாள்? ஊசியும், உழைப்பும், ஊர்தோறும் எழுதி வைத்த கணக்கும் சேர்ந்து அவளை வழியனுப்பி வைத்தன!

அடுத்த அறைகூவல், மருத்துவர் யார் என்பது. கல்லூரிக் கதவு யாருக்குத் திறக்கிறதோ அவரே நாளை மருத்துவர். அந்தக் கதவை எல்லா வகுப்பாருக்கும் திறக்க முயன்றது வகுப்புரிமை ஆணை. 1950இல் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாதென்றது. 1951இல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த வழக்குகள் மருத்துவக் கல்லூரி இடத்தையும் பொறியியல் கல்லூரி இடத்தையும் பற்றியவை என்பதை நம் இளைஞர் மறக்கலாகாது. பெரியாரின் தலைமையில் தமிழகம் கொதித்தது. அதே ஆண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

இடம் கிடைத்தால் போதுமா? படித்தவர் சிற்றூருக்குச் செல்ல வேண்டுமே! நகரில் வருமானம், நாட்டுப்புறத்தில் நாற்காலி காலி. கட்டாயத்தால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. ஆகவே, அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் பாதியை ஒதுக்கியது தமிழ்நாடு. சிற்றூரில் உழைத்தால் மேலே படிக்கலாம் என்ற நம்பிக்கை பலரை அங்கே நிறுத்தியது. அதற்கும் தடை வந்தது, வழக்கு நடந்தது. 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு, அப்படி ஒதுக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டென்று தீர்ப்பளித்தது. ஒரு சிற்றூர் நாற்காலி நிரம்புவதற்குப் பின்னால் எத்தனை பெரிய போராட்டம் காண்!

இனி, மூதாட்டியின் மாத்திரைக்கு வருவோம்.

ஒரு காலத்தில் அரசு மருத்துவமனைகள் மருந்து வாங்கிய முறை வேடிக்கையானது, வேதனையானதும்கூட. ஓரிடத்தில் மருந்து குவிந்து கிடந்து காலாவதியாகும். மற்றோரிடத்தில் அதே மருந்துக்கு ஆளாய்ப் பறப்பர். வாங்கும் விலை ஒருபுறம் ஏறும். தரம் மறுபுறம் இறங்கும். இடையில் யார் பை நிறைந்தது என்பதை ஊரறியும். இதைக் களைய 1994இல் தோன்றியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1995 முதல் மருந்து வழங்கலானது.

அது செய்த மாயம் என்ன? மாயமில்லை, முறை! இன்றியமையாத மருந்துகளுக்கு ஒரு பட்டியல். விளம்பரப் பெயரில் அல்லாமல், மருந்தின் இயற்பெயரில் மொத்தக் கொள்முதல். மாவட்டந்தோறும் கிடங்கு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் போலொரு பற்றுவரவுப் புத்தகம். அதில் உள்ள தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தைத் தானே கேட்டுப் பெறலாம். கிடங்குக்கு வந்த மருந்திலிருந்து மாதிரி எடுத்து, ஆக்கியவர் பெயரை மறைத்து, குறியெண் மட்டும் இட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். யாருடைய மருந்து என்றே தெரியாதபோது, யாருக்காகப் பொய் சொல்வது? கிடங்கு இருப்பைக் கணிப்பொறி காட்டும். மருந்துறையின் மீது அரசின் முத்திரை. வெளிக்கடைக்குப் போனால் திருட்டு காட்டிக் கொடுக்கும்!

இதில் நாம் பெருமிதம் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆட்சிகள் மாறின, எதிரெதிர் முகாம்கள் மாறி மாறிக் கோட்டையில் அமர்ந்தன, கிடங்கு முறை மாறவில்லை. கேரளம் இதைப் பார்த்துத் தனக்கொரு கழகம் அமைத்தது. இராஜஸ்தான் 2011இல் இலவச மருந்துத் திட்டத்தை இவ்வழியில் தொடங்கியது. தமிழன் தந்த கொடைகளின் பட்டியலில் இலக்கியத்தோடு இந்த மருந்துக் கிடங்கையும் சேர்ப்பதில் நமக்கு நாணமில்லை.

அப்படியானால் மூதாட்டி ஏன் வெறுங்கையோடு திரும்பினார்? இங்கேதான் இன்றைய நிர்வாகியின் அறைகூவல் இருக்கிறது. பெரியம்மைக்கு எப்போதோ ஒருமுறை ஊசி, வேலை முடிந்தது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் ஆயுள் முழுதும் மாத்திரை. ஒரு வாரம் தவறினாலும் உடல் தண்டிக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த மாற்றத்தை உணர்ந்து, மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. நல்ல திட்டம். ஆனால், எத்தனை சிறந்த முறையும் கடைசிக் கைக்கு வருமுன் ஓரிடத்தில் அறுந்தால், ஏழையின் கண்ணில் முறையே இல்லை என்றுதான் பொருள். மாநிலக் கணக்கு நேராக இருக்கலாம். மூதாட்டியின் கை வெறுமையாக இருந்ததே!

மற்றுமொன்று, நம்பிக்கை. அதே கிண்டி வளாகத்தில் 2023 ஜூனில் ஆயிரம் படுக்கைகளோடு திறக்கப்பட்டது கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. அங்கே 2024 நவம்பரில், பணியிலிருந்த மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008லேயே தமிழகம் சட்டம் இயற்றியிருந்தது. சட்டம் கையைக் கட்டும், ஐயத்தை அகற்றுமா? அந்தச் செயலுக்கு நாம் நியாயம் கற்பிக்க மாட்டோம். மருத்துவர் மேல் பாய்வது, அவர் காக்கும் அடுத்த உயிரின்மேல் பாய்வதாகும். ஆயினும், மருத்துவம் என்ன செய்கிறது, எதைச் செய்ய இயலாது என்று உறவினருக்குத் தமிழில், பொறுமையோடு, எடுத்துச் சொல்ல எல்லா மருத்துவமனைகளிலும் ஆள் வேண்டும். வாயிலில் காவலர் நிற்பது போல, வார்டில் விளக்கம் சொல்பவரும் நிற்க வேண்டும்.

இளந்தோழர்களே! பகுத்தறிவு என்பது கோயில் வாசலில் கேள்வி கேட்பதோடு முடிவதன்று. மருந்தக வாசலிலும் கேட்க வேண்டும். 'என்ன மருந்து இல்லை? எப்போது கேட்டெழுதினீர்கள்? எப்போது வரும்?' பணிவாகக் கேட்போம், எழுத்தில் கேட்போம், விடை வரும்வரை கேட்போம். திட்டுவது எளிது. 'விதி' என்று சொல்லி நகர்வது அதனினும் எளிது. இரண்டும் ஒரு மாத்திரையைக்கூடக் கொண்டு வராது.

மறுவாரம் நாமும் மூதாட்டியோடு சென்றோம். மருந்து வந்திருந்தது. திரும்பும் வழியில், "இந்தத் தடவை தலையெழுத்து நல்லா இருந்துச்சு தம்பி" என்றார். சிரித்தோம். பிறகு அடுத்த மாதத்து நாளை அவருடைய மருந்துச் சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தோம். "பாட்டி, உங்கள் தலையெழுத்து இனி இங்கே இருக்கிறது, நாமே எழுதியது" என்றோம். மூதாட்டி அந்தச் சீட்டை மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.