தனிநபர் உடற்பயிற்றுநர்

தனிநபர் உடற்பயிற்றுநர் என்பவர் ஒருவருடைய உடல்நிலை, வயது, நோக்கம் ஆகியவற்றுக்கு ஏற்பப் பயிற்சித் திட்டம் வகுத்து, உடனிருந்து பயிற்சி அளிப்பவர் ஆவார். பேச்சு வழக்கில் பர்சனல் டிரெயினர், ஜிம் மாஸ்டர், கோச் என்று அழைக்கப்படுகிறார். இவர் மருத்துவரோ, இயன்முறை மருத்துவரோ அல்லர். மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோருக்கு உள்ளது போன்ற கட்டாயப் பதிவு இந்தியாவில் இத்தொழிலுக்கு இல்லை. எனவே பயிற்றுநரின் தகுதியை ஆராய்ந்தறியும் பொறுப்பு அவரை அமர்த்துபவரையே சாரும்.

பணிகள்

முதல் சந்திப்பில் பயிற்றுநர் உடல் எடை, பழைய காயங்கள், நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள் முதலியவற்றைக் கேட்டறிவார். 1970களில் கனடாவில் உருவான, 7 கேள்விகள் கொண்ட பார்-கியூ என்னும் வினாத்தாளும் அதன் பிற்கால வடிவங்களும் இதற்குப் பயன்படுகின்றன. நெஞ்சுவலி, மயக்கம், இதயநோய் போன்றவற்றுக்கு 'ஆம்' என விடையளிப்பவர் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும்.

பயிற்சியின் அடிப்படை, சுமையைப் படிப்படியாகக் கூட்டுதல் ஆகும். உலக சுகாதார அமைப்பின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும், குறைந்தது 2 நாள் தசை வலுப்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. புதியவர் ஒருவர் முதல் நாளிலேயே அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தால் தசைநார்கள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். கடும் தசைவலியும் கரும்பழுப்பு நிறச் சிறுநீரும் இதன் அறிகுறிகள். இவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கல்வியும் சான்றிதழும்

சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920 இல் ஹாரி குரோ பக் என்பவரால் தொடங்கப்பட்டது. தாம்பரம், பம்மல் உள்ளிட்ட புறநகர்ப் பகுதிகள் அமைந்துள்ள செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. இது 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்டது. எனினும் உடற்கல்விப் பட்டம் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர் பணியை நோக்கியது. தனிநபர் பயிற்சிக்கான சான்றிதழ் வேறு.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்னும் அமைப்பு வழங்கும் சான்றிதழ் பல நாடுகளில் ஏற்கப்படுகிறது. தேர்வு எழுதுவோர் இதய நுரையீரல் மீட்பு முதலுதவிச் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் விதி. இந்தியாவில் விளையாட்டு, உடற்கல்வித் துறைக்கான திறன் மேம்பாட்டுக் குழுமம் உடற்பயிற்சியாளர் பணிக்குத் தகுதித்தரம் வகுத்துள்ளது. ஆணழகன் போட்டியில் பெற்ற பட்டமோ, கட்டுடலோ பயிற்றுவிக்கும் தகுதிக்குச் சான்று ஆகாது.

அமர்த்துமுன் கவனிக்க வேண்டியவை

* சான்றிதழை வழங்கிய அமைப்பு எது, அது காலாவதியாகாமல் உள்ளதா என்பது.
* முதலுதவிப் பயிற்சி பெற்றவரா என்பது.
* நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளோருக்கும் பேறுகாலத்துக்குப் பிந்தைய பெண்களுக்கும் பயிற்சி அளித்த அனுபவம்.
* ஒரு நாள் வெள்ளோட்டப் பயிற்சியில் அவர் கைப்பேசியைப் பார்க்கிறாரா, பயிற்சி பெறுபவரின் உடல் நிலையைக் கவனித்துத் திருத்துகிறாரா என்பது.
* வலி என்று கூறியதும் பயிற்சியை நிறுத்துகிறாரா என்பது.

கட்டணம்

கட்டணம் மாதக் கணக்கிலோ அமர்வுக் கணக்கிலோ பெறப்படுகிறது. உடற்பயிற்சிக்கூடம் வழியாக அமர்த்தும்போது கட்டணத்தில் ஒரு பகுதி கூடத்துக்குச் செல்வது வழக்கம். விடுபட்ட அமர்வு ஈடு செய்யப்படுமா, பயிற்றுநர் பணியை விட்டு விலகினால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை எழுத்தில் பெறுதல் நன்று. பல மாதக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்துவதைவிட ஒரு மாதம் செலுத்திப் பார்ப்பது பாதுகாப்பானது.

மருந்துகளும் சத்துமாவுகளும்

தசை வளர்க்கும் ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்பது இந்தியச் சட்டப்படி குற்றமாகும். இவை கல்லீரல், இதயம், இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றைப் பாதிக்கின்றன. புரதமாவுப் பொட்டலத்தின் மீது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருத்தல் வேண்டும். ஊசி மருந்தைப் பரிந்துரைப்பதோ விற்பதோ பயிற்றுநரின் பணியன்று. அவ்வாறு செய்பவரைத் தவிர்ப்பதே முறை.