ஆற்றின் இரு கரையும் ஆறு மைல்

1784 ஒக்டோபர் 25ஆம் திகதி கியூபெக் ஆளுநர் ஹால்டிமண்ட் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார். கிராண்ட் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து அது ஊற்றெடுக்கும் இடம்வரை, இரு கரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு நிலம் ஹோடினோஷோனி மக்களுக்கு என்றது அது. ஏறத்தாழ 9,50,000 ஏக்கர். அமெரிக்க விடுதலைப் போரில் அவர்களில் பலர் பிரித்தானியாவின் பக்கம் நின்று ஊரிழந்தவர்கள். 1783ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை அவர்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

நம்மவர் வேலை பார்க்கும் வாட்டர்லூ, கிச்சனர், வீடு வாங்கும் கேம்பிரிட்ஜ், பிரான்ட்ஃபோர்ட் எல்லாம் அந்த எல்லைக்குள் வருகின்றன. இன்று அம்மக்களிடம் எஞ்சியிருப்பது சுமார் 46,000 ஏக்கர். இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

ஹோடினோஷோனி என்றால் நீண்ட வீட்டின் மக்கள். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனக்கா ஆகிய ஐந்து தேசத்தாரின் கூட்டமைப்பில் 18ஆம் நூற்றாண்டில் டஸ்கரோரா ஆறாவதாகச் சேர்ந்தது. தலைவர்களைத் தெரிவு செய்வதும், வழி தவறினால் நீக்குவதும் குலத்தாய்மார்.

ஹால்டிமண்ட் அந்த நிலத்தை வாங்கியது மிஸ்ஸிஸாகா மக்களிடமிருந்து. அவர்கள் பேசியது அல்கோன்கியன் குடும்பத்து மொழி. இரு தரப்பும் முன்பு போரிட்டவை. பின்னர் சமாதானமாகி, வேட்டை நிலத்தை ஒரே கிண்ணம், ஒரே கரண்டி என்று உருவகித்து ஒப்பந்தம் செய்தன. தேவைக்கு மேல் அள்ளக்கூடாது, கிண்ணத்தை வெறுமையாக்கக்கூடாது, பக்கத்தில் கத்தி இருக்கக்கூடாது.

இத்தகைய ஒப்பந்தங்களைச் சுமப்பது வாம்பம் பட்டை. கடற்சங்கில் வெள்ளை மணி, மட்டிச் சிப்பியில் ஊதா மணி. 'வாம்பம்' என்ற சொல்லே கடலோர அல்கோன்கியன் மொழியிலிருந்து வந்தது. காகிதப் பத்திரம் பெட்டிக்குள் கிடந்தாலும் செல்லும். பட்டையோ பொருளறிந்தவர் கையில் ஏந்திச் சபையில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட வேண்டியது.

1923இல் கயூகா தலைவர் டெஸ்காஹே தம் மக்கள் வழங்கிய கடவுச்சீட்டோடு ஜெனீவா போய், சர்வதேச சங்கத்திடம் நீதி கேட்டார். அயர்லாந்து, பாரசீகம் உள்ளிட்ட சில நாடுகள் ஆதரித்தன, பிரித்தானியா தடுத்தது. ஜெனீவாவுக்கு மனுவோடு போவது என்னவென்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. 1924இல் கனடிய அரசு அவர்களின் மரபுச் சபையைக் கலைத்தது. பொலிஸார் சபை ஆவணங்களையும் வாம்பத்தையும் கைப்பற்றினர். டெஸ்காஹே உயிரோடு ஊர் திரும்பவில்லை. 1925இல் நியூயோர்க் மாநிலத்தில் இறந்தார்.

ஆனால் மரபுச் சபை மறையவில்லை, இன்றும் கூடுகிறது. வணிகர் கைமாறி நியூயோர்க் அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போயிருந்த பதினொரு பட்டைகள் 1988இல் கிராண்ட் ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்தன.

நம் விழாக்களிலும் இப்போது இந்த நிலத்தின் ஆதிக்குடிகளை நினைவுகூரும் வாக்கியம் வாசிக்கப்படுகிறது. பலருக்கு அது குத்துவிளக்கேற்றலுக்கும் வரவேற்புரைக்கும் இடையில் வரும் ஒரு சடங்கு. கிராண்ட் ஆற்று மக்கள் 1995இல் தொடுத்த வழக்கில் கேட்பது கணக்கு: எங்கள் நிலமும் அதை விற்ற பணமும் என்னவாயின? நம் பெயர் வீட்டு உறுதியில் ஏறிய நாளிலிருந்து அந்தக் கேள்வி நம் காதிலும் விழவேண்டியது.