வலிக்குத் தேடிய மருந்து: பாராமகால் எல்லையில் போதையின் வரலாறு

கிருஷ்ணகிரியிலிருந்து வடக்கே வேப்பனப்பள்ளி நோக்கிச் செல்பவர்களுக்கு மாந்தோப்புகளும் கருங்கல் குவாரிகளும் மாறி மாறிக் காட்சி தரும். ஒரு பக்கம் கர்நாடகத்தின் கோலார், இன்னொரு பக்கம் ஆந்திரத்தின் குப்பம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் கேட்கும் ஊர் இது. கல் உடைப்பவரிடமும் சுமை தூக்குபவரிடமும் ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "உடம்பு வலிங்க." மகிழ்ச்சிக்காகக் குடிக்கிறோம் என்பவர் குறைவு. போதையின் வரலாற்றை எழுதுவோர் சட்டத்தையும் வருவாயையும் எழுதிவிட்டு இந்த விடையை விட்டுவிடுகிறார்கள் என்பது நம் எண்ணம்.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்த கதையைப் பலரும் அறிவர். நிலத்தைப் போலவே கள்ளும் சாராயமும் அரசின் வருவாயாயின. முதலில் குத்தகை, பின்னர் 1886-ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம். பனைக்கும் ஈச்சமரத்திற்கும் எண்ணிட்டு, மரத்துக்கு இவ்வளவு என்று வரி வாங்கினார்கள். குடிப்பவன் எவ்வளவு குடித்தால் கருவூலம் எவ்வளவு நிறையும் என்பது ஒரு நிர்வாகக் கணக்காகிவிட்டது. இக்கணக்கைப் பின்வந்த எந்த அரசும் எளிதில் மறக்கவில்லை.

இந்தக் கணக்கை முதலில் உடைக்கத் துணிந்தவர் இதே மண்ணில் பிறந்தவர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி, திருச்செங்கோட்டு காந்தி ஆசிரமத்திலிருந்தபோது மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழை நடத்தியவர். 1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரானதும், அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கும். வேப்பனப்பள்ளிக் கடைகளும் அன்றே மூடின. சட்டம் கள், சாராயத்தோடு போதைப் பொருட்களையும் சேர்த்தே தடுத்தது.

இராஜாஜியின் மற்றக் கொள்கைகளில் நமக்கு மாறுபாடு உண்டு. எனினும் சேலம் சோதனையில் ஒரு செய்தி நம்மை நிறுத்திப் படிக்க வைக்கிறது. கடை மூடினால் மாலை வேளை வெறுமையாகும் என்று அன்றைய நிர்வாகம் எண்ணிப் பார்த்தது. தேநீர்க் கடைகளையும் விளையாட்டுகளையும் பஜனைகளையும் ஊக்குவித்தார்கள். வேலையிழந்த மரமேறிகளுக்குப் பதநீர் இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் வழி தேடினார்கள். பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் குடும்பங்களின் வரவு செலவை விசாரித்து எழுதினார்கள். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. வரி நிலைத்தது; மதுவிலக்குதான் போர்க்காலத்தில் ஆலோசகர் ஆட்சியில் கைவிடப்பட்டது. விடுதலைக்குப் பின் 1948-இல் மாகாணம் முழுவதற்கும் மீண்டும் வந்தது.

பிறகு 1971-இல் தளர்வு, சில ஆண்டுகளில் மீண்டும் தடை, 1981-இல் மறுபடி திறப்பு, 1983-இல் டாஸ்மாக், 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை, 1990-இல் மலிவு மது, 1991-இல் அதற்கும் தடை, 2003-இல் அரசே சில்லறைக் கடைக்காரர். இந்த ஊசலாட்டத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. எல்லைக் கிராமத்தானுக்கு இதன் பொருள் எளியது: இங்கே மூடினால் அங்கே நடக்க வேண்டும். கர்நாடகத்தில் அரசு அனுமதியோடு விற்ற பாக்கெட் சாராயம் ஓடையைத் தாண்டினால் கிடைத்தது. ஓசூர் தொழிற்பேட்டைக்கு வந்தவர்களுள் நிரந்தர வேலை பெற்றோர் சிலர். குவாரியிலும் செங்கல் சூளையிலும் அன்றாடக் கூலிக்கு நின்றோர் பலர். அவர்களுக்கு மருத்துவமனை தொலைவில் இருந்தது, பாக்கெட் அருகில் இருந்தது.

2007 ஜூலை 1-ஆம் நாள் கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்தது. அந்த ஏழையின் உடம்பு வலி அன்றைக்கு நின்றுவிடவில்லை. கடையில் விற்கும் சீமைச் சரக்கு அவன் கூலிக்கு எட்டாதது. பதினோரு மாதம் கூட ஆகவில்லை. 2008 மே மாதம் பெங்களூர், கோலார் பகுதிகளிலும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து 150-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரு மாநிலங்களின் பிணவறைகளிலும் பெரும்பாலும் கூலித் தொழிலாளர்களே கிடந்தனர். மெத்தனால் உடம்பில் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் தாக்கும். பிழைத்தாலும் பலருக்குப் பார்வை மீளாது. விற்றவர்களைக் கைது செய்தார்கள். எல்லையோரத்துக் கூலிக்காரனின் முதுகைப் பற்றி எவரும் விசாரித்ததாக நாம் அறியோம்.

இன்று அந்த வலிக்கு வேறொரு பொருளும் சந்தைக்கு வந்திருக்கிறது. டபென்டடால் என்னும் வலி நிவாரணி அபினைப் போல மூளையில் வேலை செய்வது. அம்மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றித் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து செய்திகள் வருகின்றன. அமெரிக்காவின் அப்பலாச்சியச் சுரங்கக் கிராமங்களில் 1990-களின் இறுதியிலிருந்து ஆக்சிகான்டின் பரவிய வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கும் மாத்திரை நுழைந்த வழி, சுரங்கத்தில் நொந்த முதுகுதான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் சட்டமன்றம் தண்டனைகளைக் கடுமையாக்கியது: உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் சிறை, பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். திருத்தப்பட்டது 1937-ஆம் ஆண்டின் அதே மதுவிலக்குச் சட்டம்தான். சேலத்தில் அச்சட்டத்தோடு சேர்ந்து வந்த தேநீர்க் கடையும் மாலை விளையாட்டும் இந்தத் திருத்தத்தில் இல்லை.