இந்தியாகேம்ஸ்: பேலன்ஸில் போன 50 ரூபாயின் கதை

பழைய பட்டன் போனில் மெனுவைத் துழாவினால் "கேம்ஸ்" என்று ஒரு மூலை இருக்கும். தெரியாமல் அழுத்திவிட்டு, பேலன்ஸில் 50 ரூபாய் காணாமல் போய், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தக் காலத்தில் இந்திய செல்போன்களுக்கு கேம் வெளியிட்டவர்களில் பெரிய பெயர், மும்பையிலிருந்த இந்தியாகேம்ஸ்.

விஷால் கோண்டல் இதை ஆரம்பித்தது 1999-ல். கார்கில் சண்டை நடந்த வருஷம். அவருடைய ஆரம்ப கேம்களில் ஒன்றே அந்தச் சண்டையை வைத்துத்தான்: "ஐ லவ் இந்தியா". முதலில் கம்ப்யூட்டருக்குத்தான் செய்தார்கள். ஆனால் அன்றைக்கு எத்தனை வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது? செல்போன் பரவியதும் அந்தப் பக்கம் போனார்கள். ஸ்பைடர்மேன், புரூஸ் லீ என்று ஊருக்கே தெரிந்த பெயர்களை உரிமம் வாங்கி கேம் ஆக்கினார்கள்.

வேலை ஒன்றும் லேசில்லை. ஆரம்பகால நோக்கியாக்கள் சிலவற்றில் ஒரு கேம் 64 கேபி-க்குள் அடங்க வேண்டும். இன்றைக்கு வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிசு! போதாததற்கு ஒவ்வொரு மாடலுக்கும் திரை அளவு வேறு, பட்டன் வேறு. ஒரே கேமைத் திரும்பத் திரும்ப மாற்றிச் செய்ய வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடுபட்டும் அந்த 50 ரூபாய் யாருக்குப் போனது? இங்கேதான் விஷயம். ஆத்தூர்ப் பக்கத்துக் காய்கறி ஒட்டன்சத்திரம் மண்டிக்குப் போனால், மண்டிக்காரர் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். கேம் விஷயத்தில் மண்டி, செல்போன் கம்பெனி. மெனு அவர்களுடையது, பேலன்ஸ் அவர்களிடம், வாடிக்கையாளரும் அவர்களுக்குத்தான் சொந்தம். அதனால் பெரும்பங்கு அவர்களுக்கு. மிச்சத்தில்தான் உரிமக் கட்டணம், சம்பளம் எல்லாம். கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் இந்தியாகேம்ஸிடம் சொந்தமாக இருந்தது உழைப்பு மட்டும்தான் என்று தோன்றும். கேமில் வந்த ஹீரோவும் இரவல், விற்ற கடையும் இரவல்.

ஆனாலும் வெளியே மதிப்பு ஏறியது. 2004 கடைசியில் சீனாவின் டாம் ஆன்லைன், 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பங்கை சுமார் 1.8 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. 2007-ல் கம்பெனி யுடிவி கைக்கு வந்தது. 2012-ல் யுடிவியையே டிஸ்னி வாங்க, இந்தியாகேம்ஸும் கூடவே போனது.

இதற்குள் மண்டியே இடம் மாறிவிட்டது. 2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்து, விற்பனையில் 70 சதவீதம் கேம் செய்தவருக்கே என்றது. ஆஹா, விடிவுகாலம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கடையில் உலகமே சரக்கோடு வந்து நின்றது. அடுத்த வருஷமே "ஆங்ரி பேர்ட்ஸ்" வந்தாயிற்று. போதாக்குறைக்கு, நம் ஊரில் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் குறைவு. செல்போன் கம்பெனி பேலன்ஸிலிருந்து பிடுங்கியது கொள்ளைதான். ஆனால் கார்டு இல்லாதவனிடமும் அதனால் காசு வாங்க முடிந்ததே!

2011-ல் ஷாருக்கானின் "ரா.ஒன்" படத்துக்கு போன் கேம் செய்தார்கள். அதுவும் இரவல் ஹீரோதான். 2013-ல் கோண்டல் டிஸ்னியை விட்டு வெளியேறினார். இந்தியாகேம்ஸ் என்ற பெயரும் டிஸ்னிக்குள் கரைந்துபோனது.

பப்ஜி மொபைலுக்கு 2020-ல் தடை வந்ததும் "ஃபௌஜி" என்று ஒரு கேம் அறிவிக்கப்பட்டதே, ஞாபகம் இருக்கிறதா? கால்வான் பள்ளத்தாக்குச் சண்டையை வைத்து 2021 குடியரசு தினத்தன்று வந்தது. அதை வெளியிட்ட என்கோர் கேம்ஸிலும் இருந்தவர் இதே கோண்டல்தான்.